சவுக்கும் தென்னையும் அறுக்க 72 சிசி வேண்டுமா, 50 சிசி போதுமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. குத்தகைக்கு மரம் அறுக்கிறார். பெரும்பாலும் சவுக்கும் தைலமரமும், இடையிடையே தென்னை, வருடத்துக்கு நாலைந்து பெரிய புளி அல்லது வேம்பு. கையில் இருப்பது 58 சிசி என்று எழுதி விற்ற பெயர் தெரியாத செயின்சா, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு). இரண்டு வருடமாக ஓடுகிறது. சாயங்காலம் விரல்கள் மரத்துப்போகின்றன, காலையில் டம்ளர் பிடிக்கவே சற்று நேரம் ஆகிறது. "72 சிசி வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும், கைக்கும் ஓய்வு கிடைக்கும் அல்லவா?" என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு சக்தி வேண்டும் என்பது ஒன்று, கை ஏன் மரத்துப்போகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை மரத்தின் பருமனில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை சிசியில் இல்லவே இல்லை.

முதலில் சிசியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அது சிலிண்டரின் கொள்ளளவு, அவ்வளவுதான். அந்தக் கொள்ளளவிலிருந்து எத்தனை கிலோவாட் வெளியே வருகிறது என்பதை சிலிண்டரின் துளை அமைப்பும், எத்தனை சுழற்சி வரை எஞ்சின் தாங்கும் என்பதும், கிராங்க் கேஸின் தரமும் முடிவு செய்கின்றன. ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 382, எம்எஸ் 462 இரண்டும் 72.2 சிசிதான். முதலாவது 3.9 கிலோவாட், 6.2 கிலோ. இரண்டாவது 4.4 கிலோவாட், 6.0 கிலோ. அதே நிறுவனத்தின் எம்எஸ் 261 வெறும் 50.2 சிசியில் 3.0 கிலோவாட் தருகிறது, எடை 4.9 கிலோ. ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 550 எக்ஸ்பி மார்க் 2 ஏறக்குறைய அதே கொள்ளளவு, அதே 3.0 கிலோவாட், 5.3 கிலோ. 52, 58 என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் மலிவு மெஷின்கள் பெரும்பாலும் 2 கிலோவாட்டை ஒட்டியே நிற்கும், எடையோ ஐந்து கிலோவுக்கு மேல். குதிரைத்திறனில் எழுதியிருந்தால் 1.36 ஆல் வகுத்துக் கிலோவாட்டாக்கிப் பாருங்கள். எத்தனை சுழற்சியில் அந்தச் சக்தி வருகிறது என்று கையேட்டில் எழுதாத மெஷினின் எண்ணை நம்பாதீர்கள்.

ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல், எடையைச் சக்தியால் வகுப்பது. ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ சுமக்கிறீர்கள்? எம்எஸ் 261-க்கு 1.63 வருகிறது, எம்எஸ் 462-க்கு 1.36. கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு எரிபொருள் செலுத்தியுடன் வந்த எம்எஸ் 500ஐ-க்கு 1.24. தோட்டக்காரர்களுக்கான எம்எஸ் 250-க்கு 2.0. உங்களிடம் இருப்பது போன்றவற்றில் 2.5-ஐத் தாண்டும். தினமும் அறுத்துப் பிழைப்பவர் 1.8-க்கு மேல் உள்ளதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி எவ்வளவு சக்தி வேண்டும் என்பது. எட்டில் மூன்று அங்குல பிட்ச், அதாவது கண்ணி இடைவெளி, கொண்ட செயினில் சுமார் 37 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டும் பல் இருக்கும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவுக்கை அறுக்கும்போது ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருப்பவை நாலு பற்கள். 75 சென்டிமீட்டர் புளியை அறுக்கும்போது இருபது பற்கள். எஞ்சினைத் திணற வைப்பது இந்த எண்ணிக்கைதான். நாலு பல்லை இழுக்க 3 கிலோவாட்டே மிச்சம். 4 கிலோவாட் கொடுத்தால் மூன்று விநாடி அறுப்பு இரண்டரை விநாடி ஆகலாம், அந்த அரை விநாடி அடுத்த மரத்துக்கு நடப்பதில் கரைந்துவிடும். காகித ஆலைக்குப் போகும் சவுக்கு பெரும்பாலும் மூன்று நான்கு வருடத்தில் வெட்டப்படுவது, கை அகலத்துக்கு மேல் அரிதாகவே பருக்கும். அதற்கு 72 சிசி என்பது வாய்க்கால் மடையைத் திறக்க ஜேசிபி கொண்டுவருவது போல. பெரிய புளியில் கதை மாறும். 25 அங்குல பார் முழுக்க மரத்துக்குள் புதைந்திருக்கும்போது 3 கிலோவாட் மெஷினில் செயின் வேகம் இறங்கும், கை தானாக அழுத்தத் தொடங்கும், கிளட்ச் சூடாகும். அங்கே 70 சிசி வகைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எடையில் ஒரு சூட்சுமம். விளம்பரத்தில் போடும் எடை பாரும் செயினும் எரிபொருளும் ஆயிலும் இல்லாத வெற்று எடை. 4.9 கிலோ மெஷினில் 16 அங்குல பார், செயின் சேர்த்தால் ஒரு கிலோ ஏறும். அரை லிட்டர் பெட்ரோல் 370 கிராம், செயின் ஆயில் கால் கிலோ. தூக்கும்போது கையில் இருப்பது ஆறரை கிலோ. 6.2 கிலோ மெஷினில் 25 அங்குல பார் போட்டு இரண்டு டாங்கையும் நிரப்பினால் எட்டரைக்கு மேல் போகும். இரண்டு கிலோதானே என்று தோன்றும். சவுக்குத் தோப்பில் ஒரு நாளில் ஆயிரம் முறை குனிந்து தூக்கி அடுத்த தூருக்கு நகர்த்துகிறீர்கள் என்று வையுங்கள், இரண்டு டன் கூடுதல் சுமை. அதைத் தாங்குவது இடது தோளும் அடிமுதுகும். நீளமான பாரில் எடை முன்னால் போய்விடுவதால் மணிக்கட்டு அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல்கள் இறுகப் பிடிக்கும், இறுகப் பிடித்தால் அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும். எடையும் அதிர்வும் இப்படி ஒன்றையொன்று வளர்க்கின்றன. அதனால் வேலைக்குப் போதுமான மிகச் சிறிய பார், அதை இழுக்கப் போதுமான மிக லேசான மெஷின் என்ற வரிசையில் யோசியுங்கள். மெஷினைப் பார்த்துப் பார் அல்ல, மரத்தைப் பார்த்துப் பார், பாரைப் பார்த்து மெஷின்.

அதிர்வுதான் உங்கள் கேள்வியின் உயிர். செயின்சாவில் அதிர்வு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று எஞ்சின்: பிஸ்டன் நிமிடத்துக்கு 9,000 முறை ஏறி இறங்கினால் விநாடிக்கு 150 அதிர்வு. மற்றொன்று செயின் பற்கள் மரத்தில் மோதுவது. இரண்டையும் கைப்பிடியிலிருந்து பிரிக்க, எஞ்சினும் பாரும் ஒரு தொகுதியாகவும், கைப்பிடிகளும் டாங்கும் வேறு தொகுதியாகவும் செய்து நடுவே ரப்பர் புஷ்ஷோ எஃகு ஸ்பிரிங்கோ வைப்பார்கள். மரம் வெட்டுவோரின் விரல்கள் வெளுத்துச் செத்தது போலாவது 1960-களில் பரவலாகப் பதிவானபோது வந்த ஏற்பாடு இது. ரப்பர் மலிவு. ஆனால் பெட்ரோலும் சூடும் பட்டு இறுகி வெடிக்கும், இறுகிய ரப்பர் அதிர்வை அப்படியே கடத்தும். ஸ்பிரிங் நீண்ட நாள் உழைக்கும், அதிர்வை நன்றாகத் தடுக்கும். அதன் குறை, மிக இளகலாக இருந்தால் நுணுக்கமான அறுப்பில் பார் சொன்ன இடத்தில் உட்காராமல் ஆடுவது. முன்கைப்பிடிக்கு ஸ்பிரிங்கும் பின்பக்கம் ரப்பரும் கலந்து வரும் மெஷின்களும் உண்டு.

அதிர்வை எண்ணால் சொல்ல முடியும். விநாடிக்கு விநாடி எத்தனை மீட்டர் முடுக்கம் என்பது அலகு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இடக்கைப்பிடிக்கும் வலக்கைப்பிடிக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். எம்எஸ் 261-க்கு இரண்டிலும் 3.5. சிறிய, விலை குறைந்த எம்எஸ் 180-க்கு இடத்தில் 6.6, வலத்தில் 7.8. இதைக் கவனியுங்கள்: சிறிய மெஷினில்தான் அதிர்வு இரண்டு மடங்கு. சிசி கூடினாலும் குறைந்தாலும் அதிர்வு அதன்படி நடப்பதில்லை, எவ்வளவு செலவு செய்து தடுத்திருக்கிறார்கள் என்பதே கணக்கு. அந்த எண்ணே அச்சிடாத மெஷின் என்றால் யாரும் அளக்கவில்லை என்று பொருள் கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை எட்டு மணி நேரச் சராசரியாக 2.5-ஐ எச்சரிக்கை அளவாகவும், 5-ஐத் தாண்டக்கூடாத எல்லையாகவும் வைத்திருக்கிறது. கணக்கு எளிது: கையேட்டு எண்ணை, கையில் மெஷின் ஓடிய மணி நேரத்தை எட்டால் வகுத்த ஈவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஒரு நாளில் உண்மையாக நாலு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். 3.5 உள்ள மெஷினில் சராசரி 2.47, எச்சரிக்கைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. 7 உள்ள மெஷினில் 4.95, தடை எல்லையின் வாசலில். அந்த 7 மெஷினில் எச்சரிக்கை அளவுக்குள் நிற்க வேண்டுமானால் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் அறுக்கலாம். அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. ஓடிய நேரத்தை அறிய கடிகாரம் வேண்டாம், டாங்கை எண்ணுங்கள். உங்கள் மெஷினில் ஒரு டாங்க் எத்தனை நிமிடம் வருகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். நாற்பது நிமிடம் வந்தால் ஆறு டாங்க் நாலு மணி நேரம்.

இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? மெஷின்களை ஒன்றோடொன்று ஒப்பிட உறுதியாக நம்பலாம். 3.5-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாடு தோப்பிலும் தெரியும். ஆனால் 3.5-க்கும் 4-க்கும் இடையே தேர்ந்தெடுக்க இவை உதவாது, ஏனென்றால் அளவையிலேயே 2 வரை ஏற்ற இறக்கம் உண்டு என்று தயாரிப்பாளர்களே அச்சிடுகிறார்கள். அளப்பது புது மெஷினில், கூரான செயினில். மொட்டைச் செயினோடு மண் படிந்த கட்டையை அறுக்கும்போது கையில் ஏறுவது அதைவிடக் கூடுதல். இன்னொரு சந்தேகமும் அறிஞர்களிடையே இருக்கிறது. இந்த அளவை முறை வேகமான அதிர்வுகளுக்குக் குறைந்த எடை கொடுக்கிறது, விரல் இரத்தக் குழாய்களுக்கு அவைதான் கூடுதல் கெடுதல் செய்கின்றனவா என்பது தீரவில்லை. அதிர்வு தடுக்கும் கையுறை என்று விற்பவற்றையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செயின்சாவின் அதிர்வு வேகத்தில் அவை குறைப்பது சொற்பம். கையைச் சூடாகவும் காயமில்லாமலும் வைக்க அணியுங்கள், அதிர்வுக்கு மருந்தாக அல்ல.

இருக்கிற மெஷினிலேயே இன்றைக்கே அதிர்வைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அது செயினைக் கூராக்குவது. அறுப்பிலிருந்து வருவது சிராயாக இருக்க வேண்டும், மாவாக வந்தால் செயின் மொட்டை. எட்டில் மூன்று அங்குல செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325 அங்குல பிட்ச் செயினுக்கு 4.8, சின்ன மெஷின்களின் மெலிந்த எட்டில் மூன்றுக்கு 4.0. கோணம் பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும். இடப்பக்கப் பற்களும் வலப்பக்கப் பற்களும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் அறுப்பு வளையும், மெஷின் உதறும். பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டை, ரேக்கர் என்பார்கள், பலரும் கண்ணளவில் ராவித் தள்ளுகிறார்கள். அது பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அதற்கு மேல் ராவினால் பல் மரத்தைக் கடித்துக் குதறும், கை நடுங்கும், பார் முனை எகிறி முகத்துக்கு வரும் ஆபத்தும் கூடும். அளவுத் தகடு விலை சொற்பம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் தேய்ந்திருந்தால் புதுச் செயினை மாட்டினாலும் உதறல் போகாது. ஒரு ஸ்பிராக்கெட்டுக்கு இரண்டு செயினை மாற்றி மாற்றி ஓட்டி, மூன்றும் சேர்ந்து தேயட்டும்.

தென்னை தனி விஷயம். அதன் ஓரப்பகுதி கனமீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்ந்தது, நடுச்சோறு 400-க்கும் கீழே. ஓரத்து நார்க்கட்டுகளும் அதிலுள்ள சிலிக்காவும் செயினைச் சீக்கிரம் மழுக்கும். புயலில் சாய்ந்து மண்ணில் கிடந்த தென்னை என்றால் இன்னும் மோசம், கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அறுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூர்முனை கொண்ட முழு உளிப் பல் செயின் சுத்தமான மரத்தில் வேகமாக ஓடும், தென்னையிலும் மண் பட்ட கட்டையிலும் முனை உடனே போய்விடும். முனை உருண்ட அரை உளிப் பல் செயினைக் கேட்டு வாங்குங்கள், வேகம் சற்றுக் குறைவு, கூர் நீடிக்கும். ஈரத் தென்னையின் நார் ஸ்பிராக்கெட் மூடிக்குள் திணிந்து ஆயில் வழியை அடைக்கும். டாங்குக்கு ஒரு முறை மூடியைக் கழற்றித் தட்டுங்கள். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் மிதக்கும் இரும்புத் துகள் பம்பையும் பாரையும் தின்னும், அது தோலில் தெறிப்பதும் நல்லதல்ல.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாக. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்ற 50-க்கு 1 கலவை, தயாரிப்பாளர் சொல்லும் தரமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு மட்டும். சாதாரண ஆயிலுக்கு ஸ்டில் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி சொல்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பல கையேடுகள் 10 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. வாங்குமுன் அந்த மாடலுக்கு 20 சதவீதம் ஒத்துக்கொள்ளுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கை வடித்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கமும் வேலைக்குப் போவீர்களானால் 2,000 மீட்டரில் காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், சக்தியும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். காற்றும் பெட்ரோலும் சேரும் அளவைத் தானே திருத்திக்கொள்ளும் மாடல் அங்கே உண்மையிலேயே பயன்படும்.

கடையில் மெஷினைப் பார்க்கும்போது, நீங்கள் போடப்போகும் பாரையே மாட்டி இரண்டு டாங்கையும் நிரப்பச் சொல்லுங்கள். முன்கைப்பிடியில் மட்டும் தொங்கவிட்டுப் பாருங்கள். பார் முனை லேசாகத் தாழ்ந்தால் சரி, தரையைக் குத்தினால் அந்தப் பார் அந்த மெஷினுக்கு நீளம். பாரைக் காலால் அழுத்திக்கொண்டு கைப்பிடியை நாலு பக்கமும் அசையுங்கள், எல்லாப் பக்கமும் ஒரே அளவு இளக வேண்டும், எங்கும் உலோகம் உலோகத்தில் முட்டக் கூடாது. பழைய மெஷின் வாங்கினாலும் இதே சோதனைதான்: ஒரு பக்கம் மட்டும் தொளதொளவென்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அசையவே இல்லை என்றால் ரப்பர் இறுகிவிட்டது. இரண்டும் மாற்றக்கூடியவை. பிறகு ஓட்டிப் பார்க்கும்போது ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. வெறுமனே முறுக்கிக் காட்டுவதில் எதுவும் தெரியாது, ஒரு கட்டையை வைத்து அறுத்துப் பாருங்கள். உதிரி பாகமும் ஸ்பிரிங்கும் உங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்கிறதா என்பது மாடல் பெயரைவிட முக்கியம்.

எனவே உங்களுக்கு: 50 சிசி வகை, 3 கிலோவாட்டை ஒட்டிய சக்தி, வெற்று எடை ஐந்து கிலோவைச் சுற்றி, கையேட்டில் இரு கைப்பிடியிலும் அதிர்வு 4-க்குள், 16 அங்குல பார், .325 அரை உளிச் செயின். தென்னைக்கு வேண்டுமானால் கூடுதலாக ஒரு 18 அங்குல பார். வருடத்துக்கு நாலைந்து புளி, வேம்புக்காக 72 சிசியைத் தினமும் சுமக்காதீர்கள், அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். பெரிய மரம் மாதத்தில் பத்து நாளைத் தாண்டினால்தான் இரண்டாவது மெஷினாக 70 சிசி வகை வாங்குவது கட்டுபடியாகும். இரண்டு மெஷினுக்கு வழியே இல்லை, பெரிய மரமும் அடிக்கடி வருகிறது என்றால் 60 சிசி, 20 அங்குல பார் நடுவழி. ஆனால் சவுக்கில் அதன் எடையை உணர்வீர்கள்.

கையைப் பற்றி. குளிர் தேசங்களில் அதிர்வு நோய் விரல் வெளுப்பதாகத் தெரியும். வெப்ப நாடுகளில் வெளுப்பது குறைவு, மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் பிடி தளர்வதும்தான் கூடுதல். உங்கள் விரல் வெளுக்கவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதே சமயம் அதிர்வுதான் காரணம் என்று எழுத்தைப் படித்து மட்டும் யாரும் உறுதி சொல்ல முடியாது. மணிக்கட்டில் நரம்பு நெரிவதும், சர்க்கரை நோயும், கழுத்து எலும்புத் தேய்வும் இதே மாதிரி காட்டும். மரத்துப்போதல் மறுநாள் காலை வரை நீடிப்பது பிந்தைய கட்டத்தின் அறிகுறியாக இருக்கலாம், நரம்புச் சேதம் ஒரு கட்டத்துக்கு மேல் முழுதாகத் திரும்புவதில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவில் நரம்புக் கடத்தல் பரிசோதனை கேளுங்கள், சர்க்கரையும் பாருங்கள், என்ன வேலை, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று டாங்க் கணக்கோடு சொல்லுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அது விரலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதையும் மறைக்காதீர்கள். புது மெஷின் வரும் வரை இந்தப் பழையதில் நாளுக்கு இரண்டு டாங்கோடு நிறுத்தி, இன்னொருவரோடு மாறி மாறி ஓட்டுங்கள்.